மேன் பேஜ் முதல் ஜீல் வரை: எந்தக் கையேட்டை நம்புவது?

பொட்டி தட்டிப் பிழைக்கும் நம் மக்களிடம் எந்த எடிட்டர் நல்லதுன்னு கேட்டுப் பாருங்க, வெட்டுக்குத்து வரைக்கும் போகும். ஆனா "ஒரு ஃபங்ஷனைப் பத்திச் சந்தேகம் வந்தா எதைத் திறந்து பாக்கறீங்க?"ன்னு கேட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. "கூகிள்ல தேடுவேன்"னு ஒருத்தர் சொல்வார். "இப்பல்லாம் ஏஐகிட்ட கேட்டாலே சொல்லிடுதே"ன்னு இன்னொருத்தர். அவ்ளோதான். ஒரு நாளைக்குப் பல தடவை செய்யற வேலை. அதுக்கு எந்தக் கருவி சரின்னு அரை மணி நேரம் உக்காந்து யோசிச்சவங்க ரொம்பக் கம்மி.

இதுக்குன்னே தனியா மென்பொருள்கள் இருக்கு. டாக்குமெண்டேஷன் பிரவுசர்னு பேர். மேக்ல டேஷ், லினக்ஸ் விண்டோஸ்ல ஜீல், நாம இணையம் பாக்கற பிரவுசருக்குள்ளேயே ஓடற டெவ்டாக்ஸ். மொழிகள், லைப்ரரிகளோட கையேடுகளை மொத்தமா இறக்கி வெச்சுக்கிட்டு, நாலு எழுத்து அடிச்சதும் சரியான பக்கத்தைக் கொண்டு வந்து நிறுத்தறதுதான் இதுங்க வேலை. எது ஒசத்தின்னு மார்க் போட்டு ஒரு பட்டியல் கொடுத்துட்டுப் போயிடலாம். ஆனா இந்த மாதிரி ஒரு சாமான் ஏன் தேவைப்பட்டுதுன்னு தெரியாம தேர்ந்தெடுத்தா, ஐகான் அழகா இருக்கறதைத்தான் தேர்ந்தெடுப்போம். அதனால கொஞ்சம் பின்னாடி போவோம். ஐம்பது வருஷத்துக்கும் மேல. கொசுவத்திச் சுருளைப் பத்த வெச்சுக்கோங்க :-)

காப்புரிமைப் பிரிவு புண்ணியத்துல

1970ல பெல் லேப்ஸ்ல கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி கோஷ்டிக்கு ஒரு புதுக் கம்ப்யூட்டர் தேவைப்பட்டுது. மல்டிக்ஸ் என்கிற பிரம்மாண்டமான ஆபரேட்டிங் சிஸ்டம் திட்டத்துல கையைச் சுட்டுக்கிட்டு 1969லதான் கம்பெனி வெளியே வந்திருந்தது. "இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதறோம், காசு குடுங்க"ன்னு போய் நின்னா நடக்கற கதையா? அதனால, கம்பெனியோட காப்புரிமைப் பிரிவுக்கு விண்ணப்பங்களை ஒழுங்கா அச்சடிக்க ஒரு சிஸ்டம் செஞ்சு தர்றோம்னு சொல்லி பி.டி.பி-11 வாங்கினாங்க. சொன்ன மாதிரியே செஞ்சும் குடுத்தாங்க. அதுக்குப் பயன்பட்ட ராஃப் என்கிற நிரல்தான் யூனிக்ஸோட சொந்தக் கையேட்டையும் அச்சுக்குத் தயார் பண்ணுச்சு.

அந்தக் கையேட்டின் முதல் பதிப்புல போட்டிருக்கற தேதி 1971 நவம்பர் 3. எல்லாப் பக்கத்துக்கும் ஒரே வார்ப்பு. பெயர், கூப்பிடும் முறை, விளக்கம், சம்பந்தப்பட்ட கோப்புகள், "இதையும் பார்க்க", கடைசியில "பிழைகள்". ஆமா, எங்க நிரல்ல இன்ன இன்ன ஓட்டை இருக்குன்னு எழுதறதுக்கு ஒரு நிரந்தரத் தலைப்பு! அது மட்டுமில்ல, முதல் பதிப்புல "உரிமையாளர்"னும் ஒரு தலைப்பு உண்டு. இந்த நிரலுக்கு யார் பொறுப்புன்னு அங்கேயே தெரிஞ்சிடும்.

அந்தக் குழுவுக்குத் தலைவரா இருந்த டக் மெக்கில்ராய் கையேடு விஷயத்துல ரொம்பக் கறார். அதனால ஒரு வேடிக்கையான பக்கவிளைவு வந்தது. பக்கம் எழுத உக்காருவாங்க, எழுதும்போதே "இது இவ்ளோ அசிங்கமா இருக்கே"ன்னு தோணும், விளக்கம் எழுதறதை நிறுத்திட்டு நிரலையே திருத்திடுவாங்க. கையேடு நிரலைச் செதுக்கின காலம் அது.

அடுத்த சில வருஷத்துல அதே பக்கங்களைக் கம்ப்யூட்டரிலேயே படிக்க 'மேன்' கட்டளை வந்தது. கட்டளைகள் 1ஆம் பிரிவு, சிஸ்டம் கால் 2ஆம் பிரிவு, லைப்ரரி ஃபங்ஷன் 3ஆம் பிரிவு. இன்னிக்கும் லினக்ஸ்ல 'மேன் 1 பிரிண்ட்எஃப்'னு கேட்டா ஷெல் கட்டளை வரும், 'மேன் 3 பிரிண்ட்எஃப்'னு கேட்டா சி ஃபங்ஷன் வரும். 1971ல போட்ட கோடு அப்படியே நிக்குது.

இதுல நாம கவனிக்க வேண்டியது ஒண்ணுதான். நிரல் எந்த டிஸ்க்குல இருக்கோ, அதே டிஸ்க்குல, அதே பதிப்போட கையேடு இருந்தது. நிரலை மாத்தினா பக்கமும் மாறும். இதுக்கப்புறம் வர்ற மொத்தக் கதையும், இந்த ஜோடி எப்படிப் பிரிஞ்சது, எப்படித் திரும்பச் சேர்ந்ததுங்கிறதுதான்.

ஸ்டால்மன் ஒரு பக்கம், டெபியன் ஒரு பக்கம்

மேன் பக்கத்துக்கு ஒரு குறை உண்டு. விஷயம் தெரிஞ்சவனுக்கு நினைவூட்ட நல்லது. புதுசா வர்றவனுக்கு அது கருங்கல் சுவர். 1980கள்ல ஜி.என்.யூ திட்டத்தைத் தொடங்கின ரிச்சர்ட் ஸ்டால்மன், கையேடுன்னா புத்தகம் மாதிரி அத்தியாயம் அத்தியாயமா சொல்லிக் குடுக்கணும்னு நினைச்சார். அதுக்குத்தான் டெக்ஸ்இன்ஃபோ. ஒரே மூலத்திலிருந்து அச்சுப் புத்தகமும் எடுக்கலாம், 'இன்ஃபோ' என்கிற உலாவியில திரையிலயும் படிக்கலாம். ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவற வசதியெல்லாம் இருந்தது. உலகளாவிய வலை வர்றதுக்கு முன்னாடியே!

ஆனா மக்கள் மாறலை. ஈமேக்ஸ் பழகாதவங்களுக்கு இன்ஃபோவோட விசைகள் பிடிபடவே இல்லை. ஜி.என்.யூ தரப்பு மேன் பக்கத்தை ரெண்டாம்பட்சமா வெச்சது. டெபியன்காரங்களோ ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மேன் பக்கம் இருந்தே ஆகணும்னு விதியே போட்டாங்க. கடைசியில, நிரல் தர்ற உதவிக்குறிப்பை வெச்சு மேன் பக்கத்தைத் தானா தயாரிக்கிற கருவியை ஜி.என்.யூவே வெளியிட வேண்டியதாப் போச்சு. எவ்ளோ நல்லா எழுதினாலும் சரி, படிக்கிறவன் விரல் பழகின வழியில கிடைக்கலைன்னா அது கிடைக்காத மாதிரிதான்.

கண்ட்ரோல் எஃப்1

டாஸ் உலகத்துல பிரச்சினை வேற. ஒரு நேரத்துல ஒரு நிரல்தான் ஓடும். எடிட்டரை மூடினாத்தான் கையேட்டைத் திறக்கலாம். 1980கள்ல வந்த நார்ட்டன் கைட்ஸ் இதுக்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடிச்சது. நினைவகத்துல ஒரு ஓரமா ஒளிஞ்சு உக்காந்திருக்கும். ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தினா எடிட்டர் மேலயே எட்டிப் பாக்கும். சி, பேசிக், அசெம்ப்ளி கையேடுகள் அதுல இருந்தது. நம்ம சொந்தக் குறிப்புகளையும் அதே வடிவத்துல தயாரிச்சுக்கலாம். இன்னிக்கு டேஷும் ஜீலும் செய்யறதுக்கு நேர் தாத்தா இதுதான்.

அப்புறம் நம்ம ஊர் இன்ஜினியரிங் காலேஜ் லேப் தெய்வம்: போர்லண்டோட நீல நிற டர்போ சி++. வார்த்தை மேல கர்சரை வெச்சு கண்ட்ரோல் எஃப்1 அடிச்சா அந்த ஃபங்ஷனோட விவரமும், கீழே ஓடக்கூடிய ஒரு உதாரண நிரலும் வரும். உதாரணத்தைக் காப்பி பண்ண எடிட் மெனுவிலேயே தனி வசதி. ரெக்கார்டு நோட்டுல இருக்கற கிராஃபிக்ஸ் பயிற்சிகள்ல எத்தனை இந்தப் பக்கங்களோட புண்ணியம்னு நமக்குத்தான் தெரியும் ;-)

அந்தக் கையேட்டுல ஒரு நேர்மை இருந்தது. அது அந்தக் கம்பைலரோட கையேடு. 1990களின் ஆரம்பத்துல வந்த கருவி, அதே வயசுல ஒரு கையேடு. சி++ தரப்படுத்தப்பட்டது 1998லதான். அதனால அது சொன்ன தலைப்புக் கோப்புப் பேரும், திரையைத் துடைக்கிற ஃபங்ஷனும் அந்த உலகத்துக்குள்ள நூத்துக்கு நூறு சரி. அதே நிரலை லினக்ஸ்ல ஜிசிசிகிட்ட குடுத்தா ஒரு வரிகூட தேறாது. தப்பு கையேட்டு மேல இல்லை. ஒரு ஊர் வரைபடத்தை வெச்சுக்கிட்டு இன்னொரு ஊர்ல நடந்தா?

சிடி காலம்

1992ல மைக்ரோசாஃப்ட் எம்.எஸ்.டி.என்-ஐத் தொடங்கி, கையேடுகள், கட்டுரைகள், உதாரண நிரல்கள் எல்லாத்தையும் சிடியில அனுப்ப ஆரம்பிச்சது. மூணு மாசத்துக்கு ஒரு தடவை புது சிடி. டயல்-அப் இணைப்புல கொர்ர்ர்னு சத்தம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்த நம்ம நாட்டுக்கு இது வரப்பிரசாதம். விஷுவல் ஸ்டூடியோ 6-க்குள்ள பொருந்தற கடைசி எம்.எஸ்.டி.என் 2001 அக்டோபர் பதிப்பு. வி.பி.6-ல வேலை பாத்தவங்க பல வருஷம் அந்த சிடியைப் பூஜை அறையில வெக்காத குறையாப் பத்திரமா வெச்சிருந்தாங்க.

1997ல சி.எச்.எம் கோப்பு வடிவம் வந்தது. வலைப்பக்கங்களைச் சுருக்கி ஒரே கோப்புல அடைச்சு, இடது பக்கம் பொருளடக்கம், அகரவரிசைச் சுட்டி, தேடல்னு மூணு தாவல். பி.எச்.பி கையேடு, பைத்தான் கையேடு எல்லாமே இந்த வடிவத்துல கிடைச்சது. பென் டிரைவ்ல போட்டுக் கை மாத்தி விட்ட கோப்புகள் எத்தனை!

சி.எச்.எம்-முக்குச் சோதனை பாதுகாப்பு ரூபத்துல வந்தது. அதுக்குள்ள ஓடினது இண்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் எஞ்சின். அதனால விஷமிகளுக்கும் அது வசதியாப் போச்சு. 2005ல மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புத் திருத்தம் போட, நெட்வொர்க்ல பொதுவா வெச்சிருந்த சி.எச்.எம் கோப்புகள் எல்லாம் ஊமையாச்சு. இடது பக்கம் பொருளடக்கம் தெரியும், வலது பக்கம் பக்கத்தைக் காட்ட முடியலைன்னு சொல்லும். கோப்பை நம்ம டிஸ்க்குக்குக் கொண்டு வந்து, வலது கிளிக் பண்ணி, தடையை நீக்கணும்.

இன்னொரு பாடம் 2010ல. விஷுவல் ஸ்டூடியோ 2010-ல உதவிப் பகுதியைப் புதுசா எழுதினாங்க. அகரவரிசைச் சுட்டியைக் காணோம்! தேடல்தான் இருக்கேன்னு நினைச்சாங்க போல. டெவலப்பர்கள் போட்ட கூச்சல்ல 2011ல வந்த முதல் சர்வீஸ் பேக்ல சுட்டி திரும்பி வந்தது. தேடல் வேற, சுட்டி வேற. பேர் பாதி ஞாபகம் இருக்கறவனுக்கு, பக்கத்துப் பக்கத்துல என்னென்ன இருக்குன்னு காட்டறதுதான் சுட்டி.

எல்லாம் ஆன்லைன், ஆனா எதுவரைக்கும்?

பிராட்பேண்ட் வந்தப்புறம் சிடியை யார் தேடப் போறாங்க? கையேடுகள் இணையத்துக்குக் குடி போச்சு. எப்பவும் புதுசு, எங்கிருந்தும் படிக்கலாம். நல்லதுதான். ஆனா வாடகை வீடுன்னு அப்பத் தோணலை.

ஜாவாஸ்கிரிப்ட் பிறந்த நெட்ஸ்கேப்ல டெவ்எட்ஜ்னு ஒரு தளம் இருந்தது. வலை நிரலாளர்களோட கையேடுகள் அங்கதான். 2004ல அந்தத் தளத்தை ஏ.ஓ.எல் மூடிடுச்சு. மொசில்லா அனுமதி வாங்கி, அதில இருந்ததை மீட்டு 2005ல தொடங்கினதுதான் இன்னிக்கு நாமெல்லாம் எம்.டி.என்னு கொண்டாடற தளம். அன்னிக்கு அந்த அனுமதி கிடைக்காமப் போயிருந்தா?

2016 ஜூலையில ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தன்னோட சொந்த டாக்குமெண்டேஷன் பகுதியைத் தொடங்குச்சு. உதாரணங்கள் மூலமா எல்லா மொழிக்கும் கையேடு, எழுதறது நாமளே. 2017 ஆகஸ்ட்ல மூடுவிழா. மைக்ரோசாஃப்ட்டும் எம்.எஸ்.டி.என்-ஐ 2016ல ஒரு தடவை, 2022ல இன்னொரு தடவைன்னு வீடு மாத்துச்சு. பழைய கட்டுரைகள்ல இருக்கற இணைப்புகளைச் சொடுக்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும், எத்தனை இணைப்பு எங்கேயோ கொண்டு போய் விடும்னு.

பதிப்புக் குழப்பம் தனி. தேடு பொறிக்கு, நீங்க எந்தப் பதிப்புல வேலை பாக்கறீங்கன்னு தெரியாது. நீங்க போஸ்ட்கிரெஸ் புதுப் பதிப்பு வெச்சிருப்பீங்க, அது 9.1 பக்கத்தைத் தூக்கிட்டு வரும். பைத்தான் 2-லருந்து 3-க்கு மாறின வருஷங்கள்ல பலரும் பட்ட பாடு இது. கையேடு சரி, நிரலும் சரி, ஆனா ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சொந்தமில்லை.

இணைப்பே போச்சுன்னா? 2008 ஜனவரி கடைசியில எகிப்து பக்கத்துல கடலடிக் கேபிள்கள் அறுந்து இந்திய இணையம் நொண்டியடிச்சது. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்சப்போ சென்னையில மின்சாரமும் இணையமும் போய், ஓ.எம்.ஆர் பக்கம் இருந்தவங்க தடுமாறினாங்க. காஷ்மீர்ல 2019 ஆகஸ்ட்ல இணையம் மொத்தமா நிறுத்தப்பட்டு, 2020 ஜனவரியில அனுமதிச்ச தளங்கள் மட்டும்னு 2ஜி-யில திரும்ப வந்தது. 4ஜி வர 2021 பிப்ரவரி ஆச்சு. அங்கயும் நம்மள மாதிரி ஆணி புடுங்கறவங்க இருக்காங்க. அவங்களுக்கு இது வசதிப் பிரச்சினை இல்லை, சோத்துப் பிரச்சினை.

திரும்பவும் நம்ம டிஸ்க்குக்கு

2007ல எக்ஸ்கோட் 3-ல ஆப்பிள் 'டாக்செட்'னு ஒரு வடிவம் கொண்டு வந்தது. ஒரு கையேட்டின் எல்லாப் பக்கமும், அதோட சுட்டியும் ஒரே பொட்டலமா. 2010களின் தொடக்கத்துல ருமேனியாவைச் சேர்ந்த போக்டன் பொப்பெஸ்கு டேஷ் மென்பொருளை எழுதினப்போ இந்த வடிவத்தையே எடுத்துக்கிட்டார். உள்ளே போய்ப் பாத்தா அதிசயம் எதுவும் இல்லை. வலைப்பக்கங்கள் ஒரு கோப்புறையில. கூடவே ஒரு எஸ்கியூலைட் கோப்பு. அதுல பேர், வகை, எந்தப் பக்கம்னு ஒரு அட்டவணை. தட்டத் தட்ட அந்த அட்டவணையில தேடுது. விஷுவல் ஸ்டூடியோ தொலைச்ச அதே சுட்டி!

2013ல ஜெர்சி கொசேரா தொடங்கின ஜீல், டேஷைப் பாத்துப் பிறந்த கட்டற்ற மென்பொருள். டேஷுக்குன்னு தயாரிச்ச டாக்செட்களையே அதுவும் இறக்கிக்குது, டேஷ் தரப்பு சம்மதத்தோட. அதே 2013ல திபோ குருபுல் டெவ்டாக்ஸைத் தொடங்கினார். அது இன்னிக்கு ஃப்ரீகோட்கேம்ப் அமைப்போட பராமரிப்புல இருக்கு. எதையும் நிறுவ வேண்டாம். வேணும்கிற மொழியை, வேணும்கிற பதிப்பை டிக் பண்ணி 'ஆஃப்லைன்'னு சொன்னா பிரவுசரே சேமிச்சு வெச்சுக்கும்.

ஒரு திருப்பமும் உண்டு. 2016 அக்டோபர்ல டேஷை ஆப்பிள் தன் கடையிலிருந்து தூக்கிடுச்சு. போலி விமர்சனங்கள் போட்டதாக ஆப்பிள் சொன்னது. அது தான் பணம் கட்டி உறவினருக்குத் திறந்து கொடுத்த வேற ஒரு கணக்குல நடந்ததுன்னு பொப்பெஸ்கு சொன்னார். யார் பக்கம் நியாயம்ங்கறது இருக்கட்டும். நமக்கு வேண்டிய விஷயம் வேற. மேக் பயனாளிகள் அவர் தளத்திலிருந்தே நேரடியா இறக்கிக்க முடிஞ்சுது. ஐபோன் பதிப்பின் மூல நிரலையும் அவர் திறந்து விட்டார். கடை மூடினாலும் டாக்செட் உங்க டிஸ்க்குல இருந்தா அது உங்க சொத்து.

இந்த ஜோடி சேர்றதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனது மொழிகளே. ரஸ்ட்ல 'ரஸ்ட்அப் டாக்'னு அடிச்சா நீங்க நிறுவின அதே பதிப்போட கையேடு, இணையம் இல்லாம, திறக்கும். 'கார்கோ டாக்'னு அடிச்சா நீங்க சேத்திருக்கற லைப்ரரிகளுக்கும், நீங்க வெச்சிருக்கற அதே பதிப்புக்குப் பக்கம் தயாராகும். கோ-வில 'கோ டாக்', பைத்தான்ல 'பைடாக்', பெர்ல்ல 'பெர்ல்டாக்'. சுத்திச் சுத்தி 1971க்கே வந்துட்டோம்.

ஏஐகிட்ட கேட்டா போதாதா?

2022 நவம்பர் 30 சாட்ஜிபிடி வந்தது. அடுத்த சில நாள்லயே, அது எழுதின பதில்களை இங்க போடாதீங்கன்னு ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தடை போட்டது. மாடல்கள் அன்னைக்கு இருந்ததைவிட இப்ப எவ்வளவோ தேறிடுச்சு, நானும் தினமும் பயன்படுத்தறேன். ஆனா அது பல பதிப்புகளையும் ஒண்ணாக் கலக்கிக் குடிச்சிருக்கு. இல்லாத ஒரு பாராமீட்டரை, இருக்கற மாதிரியே அழகாச் சொல்லும். அந்தப் பதில்ல "பிழைகள்"னு ஒரு தலைப்பு வராது, "உரிமையாளர்"னும் வராது. அதுகிட்டயே சரியான பதிப்போட பக்கத்தைக் கொடுத்து, "இதை வெச்சுச் சொல்லு"ன்னா பதில் தேறுது. அப்ப அந்தப் பக்கம் எங்கிருந்து வரும்? திரும்பவும் அதே கேள்வி.

சரி, எதை எடுக்கறது?

மூணே மூணு சோதனை. ஒண்ணு, நான் ஓட்டற அதே பதிப்பைக் காட்டுதா? ரெண்டு, இணைப்பைத் துண்டிச்சிட்டுப் பாத்தா திறக்குதா? மூணு, பாதிப் பேரை அடிச்சா மூணு நொடிக்குள்ள பக்கத்துக்குப் போயிட முடியுதா? வெள்ளை வெளேர் தீம், கறுப்புத் தீம் எல்லாம் நாலாவது.

மேக் வெச்சிருந்து காசு குடுக்கத் தயார்னா டேஷ். லினக்ஸ், விண்டோஸ்னா ஜீல். ஆபீஸ் மெஷின்ல எதையும் நிறுவ விடமாட்டேங்கறாங்களா, டெவ்டாக்ஸ்ல ஆஃப்லைன் போட்டு வெச்சுக்கோங்க. சி, சிஸ்டம் நிரலாக்கம்னா மேன் பக்கத்தை விட்டு நகரவே வேண்டாம். மொழியே தன் கையேட்டைக் கொண்டு வருதுன்னா முதல் மரியாதை அதுக்குத்தான். டாக்செட்டைப் பதிப்பு பாத்து இறக்குங்க. புராஜெக்ட் பழைய பதிப்புல இருந்தா, பழைய டாக்செட்டை அழிக்காதீங்க. இது ரொம்ப முக்கியம்.

கையேடு உலாவியைத் தேர்ந்தெடுக்கறோம்னு நினைக்கறோம். உண்மையில எந்தப் பிரதியை நம்பறது, அது யார் கையில இருக்கணும்ங்கறதைத்தான் தேர்ந்தெடுக்கறோம். இன்னிக்கு வேலையை முடிச்சுட்டு கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் வைஃபையை அணைச்சுட்டு, உங்க மொழியோட ஒரு ஃபங்ஷனைத் தேடிப் பாருங்க. என்ன வருதுன்னு தெரிஞ்சிடும்.

பி.கு: மேன் பக்கம் பெருசா இருக்குன்னு அலுத்துக்கறவங்களுக்காக 2013ல 'டிஎல்டிஆர்'னு ஒரு திட்டம் தொடங்கினாங்க. ஒவ்வொரு கட்டளைக்கும் நாலஞ்சு உதாரணம் மட்டும். அதுல தமிழ்ப் பக்கங்களும் இருக்கு. ஆங்கிலத்துல இருக்கற அளவுக்கு இல்லை. கட்டளை தெரிஞ்ச, தமிழும் எழுதத் தெரிஞ்ச ஆளுங்க நாமதானே? நேரம் இருக்கறவங்க ஆளுக்கு ரெண்டு பக்கம் எழுதிப் போடுங்க மக்களே.